குஞ்சுத் தீவனத்தில் முருங்கை இலை

நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு வீட்டில் இருப்பதைப் போட்டாலே போதும் என்று வீடியோ போடுகிறார்கள். முதல் சில வாரத்துக்கு நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வயதில் தீவனத்தில் 20 சதவீதம் அளவுக்குப் புரதம் வேண்டும், வெறும் கம்பும் அரிசி நொய்யும் போட்டால் அதில் பாதி தேறினாலே பெரிது, குஞ்சு வயிறு நிரம்பியும் வளராமல் அப்படியே நிற்கும்.

அதனால் கடைத் தீவனத்தை விடாமல், கிலோவுக்கு 50 கிராம் வீதம் முருங்கை இலைப் பொடி கலக்கிறேன். நிழலில் உலர்த்தினால் போதும், காம்பை உதறிவிட்டு உள்ளங்கையில் கசக்கினாலே பச்சை மாறாமல் பொடியாகிவிடும். வெயிலில் போட்டால் நிறமும் போகும், வைட்டமினும் போகும். அப்புறம் அசோலா, தண்ணீரில் மிதந்து வளரும் சின்னச் செடி. நல்லதுதான், ஆனால் பச்சையாக அள்ளினால் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், குஞ்சின் சின்ன வயிற்றை அது அடைத்துக்கொள்ளும். நன்றாக அலசி, கொத்திப் பழகக் கொஞ்சம் தூவினால் சரி.

கடலைப் புண்ணாக்கில்தான் கவனம் வேண்டும். பூஞ்சணம் பிடித்திருந்தால் அதிலுள்ள அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும், வெயிலில் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உடைத்து முகர்ந்து பாருங்கள், மக்கிய வாடை வந்தால் வாங்கவே வேண்டாம். சவுண்டல் (சூபாபுல்) மர இலையில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது, அதுவும் குஞ்சுக்கு ஆகாது.

மஞ்சள்தூள் சிட்டிகை சேர்ப்பேன். அதற்காக வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு முதல் வாரத்தில் போடும் சொட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள்.