நியூரானில் சரக்கு எங்கே சிக்குகிறது: நெட் தேர்வுக்கு டிமென்ஷியா பகுதியை நான் படித்த விதம்

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்குமான தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்ஸை முதல் தடவை எழுதியபோது, டிமென்ஷியா என்ற, நினைவும் சிந்தனையும் மங்கும் நோய்களின் பகுதிக்காக நான் வைத்திருந்தது ஒரே ஒரு ஏ4 தாள். இடது பக்கம் புரதத்தின் பெயர், வலது பக்கம் நோயின் பெயர். டாவ் என்றால் அல்சைமர், ஆல்ஃபா சைனுக்ளீன் என்றால் பார்க்கின்சன், டிடிபி-43 என்றால் ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். தேறவில்லை.

ஏன் என்று ஒரு மாதிரித் தேர்வில்தான் புரிந்தது. எலியின் காலுக்குப் போகும் சியாட்டிக் நரம்பை நடுவில் நூலால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள், சில மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் நரம்புச் செல்லுக்குள் (நியூரானுக்குள்) சரக்குத் தூக்கும் மோட்டார் புரதங்களான கைனீசின், டைனீன் இரண்டில் கைனீசின் கட்டுக்கு எந்தப் பக்கம் குவிந்திருக்கும், டைனீன் எந்தப் பக்கம் குவிந்திருக்கும் என்று கேள்வி. என் ஏ4 தாளில் இதற்கு வழியே இல்லை. சி பகுதியில் விடை எழுத வேண்டியது 25 கேள்விகள், ஒன்றுக்கு 4 மதிப்பெண், மொத்தம் 200-இல் சரிபாதி அங்கேதான் கிடக்கிறது. அங்கே பெயர் கேட்க மாட்டார்கள், இதைத் தடுத்தால் என்ன ஆகும் என்றுதான் கேட்பார்கள்.

விடுதியில் ஒரு சீனியர் அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்னடி மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கு? எந்தப் புரதத்தை எடுத்தாலும் நாலே நாலு கேள்வி கேளு. எங்கே பிறக்குது, எங்கே போகணும், யார் தூக்கிட்டுப் போறாங்க, இப்போ எங்கே கிடக்குது?" என்றார். இந்த நான்கு கேள்விகளை வைத்தே பகுதி முழுவதையும் திரும்பப் படித்தேன்.

முதலில் தூரம் மனதில் பதிய வேண்டும். நியூரானுக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை செல் உடலில்தான் தயாராகின்றன, ஆனால் வேலை நடப்பது அதிலிருந்து நீளும் ஆக்சான் என்ற இழையின் நுனியில். முதுகுத்தண்டிலிருந்து பாதத்துக்குப் போகும் ஆக்சான் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். கைனீசின் ஓர் ஏடிபியை, அதாவது செல்லின் எரிபொருள் மூலக்கூறு ஒன்றை, செலவழித்து ஓர் அடி வைத்தால் 8 நானோமீட்டர் நகரும், அப்படியென்றால் ஒரு மீட்டருக்கு பன்னிரண்டரைக் கோடி அடி. அதிலும் ஒரு கைனீசின் நூறு அடி போல நடந்ததும் தன் பாதையான நுண்குழலை விட்டுக் கழன்றுவிடும், அடுத்தது பிடித்துக்கொள்ள வேண்டும். வெசிக்கிள் (சவ்வுப் பை) மாதிரி வேகமாகப் போகும் சரக்கு நாளுக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும், இரண்டரை நாளில் பாதம் வந்துவிடும். டியூபுலின், நியூரோஃபிலமென்ட் போன்ற சட்டகப் புரதங்கள் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் ஊர்கின்றன, அவை வந்து சேர இரண்டே முக்கால் வருஷம் ஆகும். இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். இவ்வளவு நீளப் பாதையில் எங்கேயாவது சின்னக் கோளாறு வந்தாலும் நுனி பட்டினி கிடக்கும் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

அப்புறம் திசை. நுண்குழலின் ஒரு முனை மைனஸ், மறுமுனை பிளஸ். இதில்தான் எனக்குத் தலை சுற்றியது. ஒருநாள் ராத்திரி விடுதி வராந்தாவில் சாக்பீஸால் நீளக் கோடு போட்டு, எங்கள் அறை வாசலில் மைனஸ், மாடிப்படிப் பக்கம் பிளஸ் என்று எழுதினேன். வாசல்தான் செல் உடல், மாடிப்படி ஆக்சான் நுனி. நான் கைனீசின், பிளஸ் நோக்கிப் போவேன். அறைத்தோழி டைனீன், மைனஸ் நோக்கி வருவாள். நடுவில் ஒரு வாளியை வைத்து இதுதான் கட்டு என்றோம். நான் வாளிக்கு வாசல் பக்கம் சிக்கிக்கொண்டேன், அவள் படிக்கட்டுப் பக்கம் சிக்கிக்கொண்டாள், விடை வந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் அங்கேயே நின்றுகொண்டு, "சரி, நான் வாசலில்தானே பிறந்தேன், இங்கே எப்படி வந்தேன்?" என்றாள். அதுதான் விஷயம். டைனீனையும் யாராவது நுனிவரை தூக்கிக்கொண்டு போய் விட்டால்தான் அது திரும்பி வர முடியும். அதனால் நிஜமாகக் கட்டிப் பார்த்தபோது கைனீசின் பெரும்பாலும் செல் உடல் பக்கம் குவிந்தது, டைனீன் இரண்டு பக்கமும் குவிந்தது. அந்த ஒரு கேள்விக்காகக் கோட்டை அழிக்காமல் ஒரு வாரம் விட்டிருந்தோம், பெருக்க வந்த அம்மா திட்டினார்.

தண்டவாளம், ரயில் என்று எல்லா வீடியோவிலும் உவமை சொல்வார்கள். ஆக்சானுக்குச் சரி, ஆனால் சேதி வாங்கும் கிளையான டென்ட்ரைட்டில் நுண்குழல்கள் இரண்டு திசையிலும் கலந்து கிடக்கின்றன. அந்த உவமையை அங்கே கொண்டுபோனால் தப்பான விடையைத்தான் டிக் செய்வீர்கள்.

இனி டாவ். (பெயரைக் கேட்டு வகுப்பில் சிரிக்காமல் இருக்க ஒரு வாரம் ஆனது.) ஆக்சானில் நுண்குழலோடு ஒட்டி இருக்க வேண்டிய புரதம். அதன்மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறினால் பிடி தளர்ந்து கழன்று, செல் உடலிலும் டென்ட்ரைட்டிலும் போய்ச் சேர்ந்து முடிச்சாகிறது. அத்துடன் பாதை இடிந்து போக்குவரத்து நின்றுவிடுகிறது என்று நோட்ஸில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்படியே நம்பாதீர்கள். டாவே இல்லாத எலிகள் 1994-இலேயே உருவாக்கப்பட்டன, அவை பிழைத்து வளர்ந்தன. மறுபக்கம், செல்லில் டாவ் அளவுக்கு அதிகமானால் அதுவே கைனீசினுக்கு வழிமறிப்பாகிறது. டைனீனைவிடக் கைனீசின்தான் அதற்குச் சீக்கிரம் இடறி விழுகிறது. ஆக, டாவ் இல்லாமல் போவதைவிட அது இடம் மாறிக் குவிவதுதான் பெரிய தொல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டாவின் ஜீனில் வரும் பிறழ்வே ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியாவைக் கொண்டுவரப் போதும் என்று 1998-இல் தெரியவந்தது, இந்த வருஷத்தை மட்டும் ஓரத்தில் குறித்துவைத்தேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரெட்ரோமர். நான் முதல் தடவை முழுசாகத் தள்ளிவிட்ட தலைப்பும் அதுதான். அமைலாய்டு முன்னோடிப் புரதம், அதாவது ஏபிபி, செல்லின் மேற்பரப்புக்குப் போய்த் திரும்ப உள்ளே இழுக்கப்பட்டு, சரக்கைத் தரம் பிரிக்கும் பையான எண்டோசோமுக்கு வருகிறது. அதை அங்கிருந்து கிளப்பி, புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கோல்ஜிக்கோ மேற்பரப்புக்கோ திருப்பி அனுப்புவது விபிஎஸ்35, 26, 29 சேர்ந்த ரெட்ரோமர். சோர்ல்1 என்பது ஏபிபியை அதில் மாட்டிவிடும் கொக்கி. இப்போது அக்காவின் நான்காவது கேள்வி: சரக்கு எங்கே கிடக்கிறது? ரெட்ரோமர் பலவீனமானால் ஏபிபி எண்டோசோமிலேயே தங்கிவிடும். அங்கே அமிலத்தன்மை, பேஸ்1 என்ற வெட்டும் என்சைமுக்கு அதுதான் தோதான இடம். அது ஒரு வெட்டு, பிறகு காமா செக்ரட்டேஸ் ஒரு வெட்டு, வெளியே வருவது அல்சைமர் மூளையில் பிளேக் என்ற படிவாகச் சேரும் அமைலாய்டு பீட்டா. 2005-இல் ஸ்காட் ஸ்மால் குழுவினர் அல்சைமர் நோயாளிகளின் மூளையில், நோய் முதலில் தாக்கும் என்டோரைனல் கார்டெக்ஸில் விபிஎஸ்35 குறைந்திருப்பதைக் கண்டார்கள். 2007-இல் சோர்ல்1 ஜீனின் மாறுபாடுகள் முதுமையில் வரும் அல்சைமரோடு இணைக்கப்பட்டன. இதே விபிஎஸ்35-இல் வரும் ஒரு பிறழ்வு பார்க்கின்சனைத் தருகிறது என்பது 2011-இல் வந்தது. பெயருக்கு நேரே நோய் எழுதும் என் பழைய தாள் இந்த இடத்தில்தான் கிழியும்.

இந்தப் போக்குவரத்து நெரிசல் நோயின் காரணமா, விளைவா என்று வம்படியாக ஒரு கேள்வி வரலாம். 2005-இலேயே வந்த இன்னொரு எலி ஆய்வில், பிளேக் தோன்றும் முன்பே ஆக்சானில் வீக்கங்கள் இருந்தன, கைனீசினின் ஒரு துணைப் புரதத்தைப் பாதியாகக் குறைத்தபோது அமைலாய்டு கூடியது. அமைலாய்டும் பதிலுக்குப் போக்குவரத்தைக் கெடுக்கிறது. "மட்டும்" என்ற சொல் இருக்கும் விடையை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

டிடிபி-43 விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஆக்சானை இல்லை, நியூக்ளியஸின் (உட்கருவின்) வாசலை. உள்ளே இருந்து ஆர்என்ஏ வேலை பார்க்க வேண்டியது வெளியே சைட்டோபிளாசத்தில் கட்டியாகக் கிடக்கிறது, 2006-இல் கண்டுபிடித்தார்கள். உள்ளே ஆள் இல்லாததால் ஸ்டாத்மின்-2 என்ற புரதத்தின் ஆர்என்ஏ சரியாக வெட்டி ஒட்டப்படாமல் போகிறது என்று 2019-இல் தெரிந்தது. அந்த ஸ்டாத்மின்-2 எங்கே வேலை செய்யும் தெரியுமா? ஆக்சானில், நுண்குழல்களோடு. வாசலில் நடந்த கோளாறு கடைசியில் மாடிப்படிப் பக்கம் போய் நிற்கிறது.

இரண்டாம் தடவை தேர்வுக்கு முந்தைய ராத்திரி புதிதாக எதையும் திறக்கவில்லை. வெறும் தாளில் ஒரு நியூரான் வரைந்து, பிளஸ் மைனஸ் போட்டு, ஐந்து புரதங்களை அதனதன் சரியான இடத்தில் பென்சிலாலும் நோயில் சிக்கும் இடத்தில் சிவப்புப் பேனாவாலும் குறித்தேன், இருபது நிமிஷம் ஆனது. தேர்வில் கணினித் திரையைப் பார்த்ததும் ரஃப் தாளில் முதலில் போட்டது அந்தப் படத்தைத்தான்.