பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழோடு நெதர்லாந்தில்

நெதர்லாந்தில் நான்கு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள், வந்த ஐந்து நாளுக்குள் தங்கள் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். அங்கே தரும் பிஎஸ்என் என்ற அடையாள எண் இல்லாமல் சம்பளமோ மருத்துவக் காப்பீடோ நகராது. என்னைப் பாஸ்போர்ட்டை வைத்தே பதிவு செய்து எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். பெற்றோர் விவரத்தை மட்டும் காலியாக விட்டு, அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்பதற்காக நம் அரசு தரும் சான்றொப்பம்) செய்த பிறப்புச் சான்றிதழைப் பிறகு கொண்டுவரச் சொன்னார்கள். உண்மையான வேலை அதற்கப்புறம்தான்.

என் பிறப்புச் சான்றிதழில் தேதி இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, அப்பா அம்மா பெயர் இருக்கிறது. என் பெயர்தான் இல்லை. தமிழ்நாட்டில் இது அதிசயமில்லை. பிறந்த தகவலை மருத்துவமனை உடனே அனுப்பிவிடும். பெயர் வைப்பது அப்புறம்தானே. பின்னால் போய்ச் சேர்க்கலாம் என்றாலும் பல வீடுகளில் யாரும் போவதில்லை. ஊரில் இருக்கும்வரை பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலே எல்லாவற்றுக்கும் போதும். என் பாஸ்போர்ட்டும் அதை வைத்து வாங்கியதுதான்.

இது போதாதென்று, சான்றிதழில் அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் 'எம்' என்று முடிகிறது, என் பாஸ்போர்ட்டில் 'என்' என்று முடிகிறது. நம் ஊரில் 'இரண்டும் ஒரே நபர்தான்' என்று நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் வாங்கி இணைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். இங்கே அது எடுபடவில்லை. பாஸ்போர்ட்டை வைத்து இந்தியத் தூதரகம் தரும் பிறப்புச் சான்றிதழைக் கொடுக்கலாமா என்றும் கேட்டேன். அது பாஸ்போர்ட்டில் இருப்பதைத்தான் திரும்பச் சொல்கிறது, பிறந்த ஊரின் பதிவேட்டிலிருந்து வந்ததுதான் வேண்டும் என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண்மணி. எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆக, எல்லாவற்றையும் பதிவேட்டிலேயே சரிசெய்தாக வேண்டும். ஒரு அங்கீகாரக் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் அனுப்பி, தம்பியைப் பிறப்பு இறப்புப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னேன். பெயரை 15 ஆண்டுக்குள் சேர்க்க வேண்டும் என்பது விதி. அந்த வயதைத் தாண்டியவர்களுக்காக அரசு அவ்வப்போது அவகாசத்தை நீட்டித்திருக்கிறது. அப்படியொரு அவகாசத்தில்தான் என் மனு உள்ளே போனது. நீங்கள் போகும்போது அது திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15ஆம் பிரிவு இருக்கிறது. அப்பாவின் பழைய ஆவணங்களைக் காட்டி அதையும் கூடவே முடித்தோம்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ, அப்படியே பதிவேட்டிலும் ஏற வேண்டும். ஒருமுறை ஏறிய பெயரை லேசில் மாற்ற முடியாது. மனுவைக் கொடுக்கும் முன் தம்பி அதைப் படம் எடுத்து அனுப்பினான். நான் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன்.

அடுத்தது அப்போஸ்டில். 1961இல் ஹேக்கில் போட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்த முறை இது. இந்தியாவில் 2005இல் நடைமுறைக்கு வந்தது. பலர் நினைப்பதுபோல இது சான்றிதழில் உள்ள விவரம் உண்மை என்று சொல்லும் முத்திரை அல்ல. கீழே உள்ள கையெழுத்தும் முத்திரையும் அசல் என்று மட்டுமே சொல்கிறது. பிழையோடு போனால் பிழைக்கும் சேர்த்தே அப்போஸ்டில் கிடைக்கும்! அதனால் திருத்தம் முதலில், புதிய பிரதி அதன் பிறகு, கடைசியில்தான் இது. பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் மாநில உள்துறையின் சான்றொப்பம் பெற்று வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும். பட்டச் சான்றிதழுக்கு வழி கல்வித் துறை. அமைச்சகம் 2012 முதல் பொதுமக்களிடம் நேரடியாக வாங்குவதில்லை, அது நியமித்த ஏஜென்சிகள் மூலம்தான் கொடுக்க வேண்டும்.

பழைய சான்றிதழை அப்பா பத்திரமாக லேமினேட் செய்து வைத்திருந்தார். தம்பி போனில் சிரித்தான்: "அக்கா, லேமினேஷன் போட்டதைக் கையாலயே தொட மாட்டாங்களாம்." முத்திரை குத்தவும் ஸ்டிக்கர் ஒட்டவும் காகிதம் வேண்டுமே. எப்படியும் புதிய பிரதி வாங்க வேண்டியிருந்ததால் நாங்கள் தப்பித்தோம்.

எல்லா நாட்டுக்கும் அப்போஸ்டில் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகும் என் தோழிக்கு அந்த நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பம் தனியாகத் தேவைப்பட்டது. கனடா இந்த ஒப்பந்தத்துக்குள் வந்ததே 2024 ஜனவரியில்தான். யாரோ சொன்னதைக் கேட்டுப் பணம் கட்டாமல், ஆவணத்தை வாங்கப்போகும் அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. மொழிபெயர்ப்பும் அப்படியே. நம் பிறப்புச் சான்றிதழில் தமிழோடு ஆங்கிலமும் இருக்கிறது, இங்கே ஆங்கிலம் செல்லும் என்பதால் எனக்கு அந்தச் செலவு மிச்சம்.

இவ்வளவுக்கும் நடுவில் என்னை அதிகம் படுத்தியது ஓடிபி. ஆதார், வங்கி, எதைத் திறந்தாலும் இந்திய எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி வரும். கிளம்பும் முன் அந்த சிம்மில் ரோமிங் வேலை செய்கிறதா என்று பார்த்து, ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் கைவிட்டுப் போனால் அதை மீட்க நேரில் போகச் சொல்வார்கள்.

சான்றிதழ் கூரியரில் வந்ததும் நகராட்சியில் ஸ்கேன் செய்துகொண்டு அசலைத் திருப்பித் தந்தார்கள். பெற்றோர் விவரம் ஏறிவிட்டது. என் பெயர்தான் விநோதமாக நிற்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாததால் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் போய்விட்டன. விதியே அப்படித்தானாம். கடிதங்களில் என்னை அப்பா பெயரோடு சேர்த்து நீளமாக அழைக்கிறார்கள், நானும் விட்டுவிட்டேன். விமான டிக்கெட்டில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி போட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, சொத்து விஷயம் இருப்பவர்களுக்கு: தம்பிக்கு நான் கொடுத்ததுபோன்ற சாதாரணக் கடிதம் அதற்குச் செல்லாது. வெளிநாட்டில் கையெழுத்திட்ட பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். உறையின் மேல் வந்த தேதியைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.