ரோஸ்வுட்டில் ஒரு கைதி: ஆட்டத்துக்குள் தண்டனை கொடுத்துப் பார்த்த அனுபவம்

ஜாம்பிகள் எனப்படும் நடமாடும் பிணங்களிடமிருந்து தப்பிப் பிழைக்கும் புராஜெக்ட் சோம்பாய்ட் என்ற கணினி ஆட்டத்தில் நண்பர்கள் சிலர் தனிச் சர்வர் ஒன்றில் ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடி வருகிறோம். கதை 1993ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நடக்கிறது. எங்கள் குடியிருப்பு இருக்கும் ரோஸ்வுட் நகரின் வரைபடத்திலேயே காவல் நிலையம், நீதிமன்றம், ஊருக்கு வெளியே பெரிய சிறைச்சாலை ஆகிய மூன்றும் இருப்பதால், குற்றமும் தண்டனையும் கதைக்குள் வர வெகு காலம் பிடிக்கவில்லை.

முதல் வழக்கு பெட்ரோல் திருட்டு. ஊர் மின்சாரம் நின்றபின் ஃப்ரீசரில் இருந்த இறைச்சியெல்லாம் ஒரே ஜெனரேட்டரை நம்பியிருந்தது. அதற்கென வைத்திருந்த பெட்ரோலை எங்கள் மெக்கானிக் தன் காருக்கு எடுத்துக்கொண்டு போனதால் ஜெனரேட்டர் நின்று, இறைச்சி முழுவதும் கெட்டுவிட்டது. விசாரணையில் குற்றம் உறுதியானதும், ஐந்து நாள் சிறை என்று ஊர்க்கூட்டம் தீர்ப்பளித்தது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. எங்கள் சர்வரின் அமைப்பில் ஆட்டத்தின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் ஒரு மணி நேரம். ஆகவே, வேலை முடிந்து களைப்போடு வந்து அமரும் ஒரு நண்பர் தம் சொந்த வாழ்க்கையின் ஐந்து மணி நேரத்தை நான்கு சுவர்களைப் பார்த்துக்கொண்டே கழிக்க வேண்டியிருந்தது. உள்ளேயே சும்மா இருக்கும் பாத்திரத்துக்குச் சலிப்பு ஏறும். அது மனச்சோர்வாக முற்றினால் எந்த வேலையைச் செய்யவும் கூடுதல் நேரம் ஆகும். பாத்திரம் சலிப்படைவது கதைக்கு நல்லது. ஆடுபவர் சலிப்படைந்தால் அடுத்த வாரம் அவர் வரவே மாட்டார்.

மைன்கிராஃப்ட் என்ற மற்றொரு ஆட்டத்தில் முன்பு இருந்த ஸிவ்கிராஃப்ட் என்ற சர்வர் இதற்குக் கண்டிருந்த வழி எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே எண்டர் முத்து என்ற ஆட்டப் பொருளை வைத்திருப்பவரிடம் தோற்று இறந்தவர் அந்த முத்தோடு பிணைக்கப்பட்டு, எண்ட் என்ற தனி உலகில் கைதியாவார். ஆனால் முத்தைப் பிடித்தவர் அதைப் பத்திரமாகக் காத்துவர வேண்டும், அது அழிந்துபோனால் கைதிக்கு விடுதலை. சிறை வைப்பவருக்கும் சுமை உண்டு என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. அதையே எங்கள் சர்வரின் விதியாக்கினோம்: யாராவது ஒருவர் காவலராக உடன் இருந்து கதையை நடத்தும் நேரம் மட்டுமே தண்டனைக் காலத்தில் சேரும், காவலிருக்க ஆள் இல்லாத மாலையில், கைதி ஊர் எல்லைக்குள் கண்காணிப்போடு வேலை செய்யலாம்.

இதன் பலன் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. சிறைச்சாலையில் ஜாம்பிகள் நிறைந்திருந்ததால் காவல் நிலையத்தின் ஓர் அறையிலேயே மெக்கானிக்கை அடைத்திருந்தோம். அவர் புகைபிடிக்கும் பழக்கமுள்ள பாத்திரம். சிகரெட் இல்லாவிட்டால் பதற்றம் ஏறிக்கொண்டே போகும். காவலர் சிகரெட்டைக் கொடுத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு எங்கே போகத் திட்டமிட்டாய் என்று கேட்டார். லூயிவில்லில் தன் தங்கை இருக்கிறாள் என்று மெக்கானிக் சொன்ன பிறகுதான் தீக்குச்சி கைமாறியது. அந்தத் தங்கையைப் பற்றி அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. கதைக்குப் புதியதொரு திசை அந்த அறையிலிருந்தே கிடைத்தது. மீதி நேரத்தில் அவர் தச்சு வேலை நூல்களைப் படித்தார். திறன் நூல்களைப் படித்து முடிக்க நேரம் பிடிக்கும் என்பதாலும், படித்தபின் அந்த வேலையில் அனுபவப் புள்ளி வேகமாக ஏறும் என்பதாலும், சிறைவாசத்துக்கு அவற்றைவிடப் பொருத்தமான துணை இந்த ஆட்டத்தில் இல்லை என்பேன். வெளியே வந்ததும் ஊரின் மதில் வேலை அவர் பொறுப்பானது.

பொருள்களைப் பறிமுதல் செய்வதை ஆட்டத்தின் கொடுக்கல் வாங்கல் திரை வழியாகவே செய்கிறோம். இருவரும் ஒப்புக்கொண்டால்தான் அது நிறைவேறும்.

மரண தண்டனையை மட்டும் தனியாக வைத்திருக்கிறோம். எங்கள் சர்வரில் இறந்த பாத்திரம் திரும்பி வராது. மாதக்கணக்கில் ஒருவர் வளர்த்த பாத்திரத்தை ஒரு வாக்கெடுப்பில் முடித்துவிடுவது கொடுமை. ஆகவே ஆடுபவர் கதைக்கு வெளியே, தனிச் செய்தியில் சம்மதம் தெரிவித்தாலன்றி அத்தண்டனை கிடையாது. சம்மதிக்காதவரின் பாத்திரம் நாடு கடத்தப்படும். ஒரு பை, இரண்டு நாள் உணவு, ஒரு சுத்தியல் ஆகியவற்றோடு மல்ட்ரா நகரத்துச் சாலையில் விடப்படும். இந்த விதியின் கீழ் இதுவரை ஒருவரும் வெளியேற்றப்படவில்லை. அடுத்து வரவிருக்கும் மருந்துப் பதுக்கல் வழக்கில் அதற்கான வாய்ப்பு இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவராக ஆடும் நண்பர், தம் பாத்திரத்துக்கு நாடு கடத்தலே வேண்டும் என்று இப்போதே கேட்டுவைத்திருக்கிறார்.