பொடாயட்ரி: இரண்டாம் முறை கிடைத்த இடம்

போன வாரம் பிரிட்டனிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பாத மருத்துவமான பொடாயட்ரிக்கு இடம் உறுதி. அம்மா சொந்தக்காரர்களிடம் "கால் டாக்டருக்குப் படிக்கப் போறான்" என்கிறார். சரி, இருக்கட்டும்.

2025 சேர்க்கைக்கும் விண்ணப்பித்தேன். மெடிசினுக்கு எழுதியிருந்த கட்டுரையில் துறையின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். நேர்காணலில் முதல் கேள்வியே "ஏன் பிசியோதெரபி வேண்டாம்?" மக்களுக்கு உதவ ஆசை என்றேன். "தாதியும் அதைத்தானே செய்கிறார்?" என்றார்கள். வாயடைத்துப் போனேன். மெடிசின் கிடைக்காமல் இங்கே ஒதுங்கியவன் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். உண்மையும் அதுதான்.

அந்த பிப்ரவரியில் தைப்பூசம். பினாங்கில் ரதம் வரும் சாலை முழுக்கச் சிதறு தேங்காய் உடைப்பார்கள், தெரியும்தானே. பாட்டி வழக்கம்போல வெறுங்காலோடு ரதத்தின் பின்னால் தண்ணீர்மலை முருகன் கோயில் வரை நடந்தார். வீட்டுக்கு வந்தபோது மொசைக் தரையில் ரத்தத் தடம். தேங்காய் ஓட்டுத் துண்டு ஒன்று பாதத்தில் குத்தி நின்றது. "வலிக்கவே இல்லையே ஐயா" என்றார். பல வருட இனிப்புநீரில் (நீரிழிவில்) பாதம் மரத்துப் போயிருந்தது.

கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப் போட்ட பிறகு, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணை மூடியிருந்த பாட்டி, "எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். அதற்குள் பாதிப் பரிசோதனை முடிந்திருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பாட்டியின் பாதத்தைப் பார்த்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். நகம், தோல் வெடிப்பு, சூடு, காய்ப்பு, செருப்பு எந்தப் பக்கம் தேய்கிறது, எல்லாம். நான் தரக்கூடிய ஒரே அறிவுரை இந்த நோட்டுதான். இரண்டாம் நேர்காணலில் சான்றிதழ்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெருவிரலுக்கு அடியில் இருந்த காய்ப்பு செருப்பை மாற்றியதும் எப்படிக் குறைந்தது என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் மேடையில் பேசுகிற ரகம் இல்லை. பள்ளிக் கழகத் தலைவர் பதவியெல்லாம் உதவுமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கூட இருந்து பார்க்க அனுமதி கேட்டு ஒரு மருத்துவமனைக்கு நாலு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை. கடைசியில் கோலாலம்பூரில் ஒரு பொடாயட்ரிஸ்ட் இரண்டு நாள் உட்காரவிட்டார். சதைக்குள் வளர்ந்த நகத்தின் ஓரத்தை, விரலை மட்டும் மரக்கவைத்து எடுத்தார். அதைவிட எனக்குப் பிடித்தது, யார் வந்தாலும் காலுக்கு முன்னால் அவர்களுடைய செருப்பைத் திருப்பிப் பார்த்ததுதான். பிசியோ கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது.

மற்றவை:

- பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூகாஸில் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீளக் கட்டுரை கிடையாது. மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்பது மூன்றாவது. நோட்டுக்கு அதுதான் இடம்.
- நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து படிப்புகளுக்கும் அதே பதில்தான் போகும். மெடிசினையும் பொடாயட்ரியையும் கலந்தால் இரண்டு பக்கமும் பல் இளிக்கும்.
- "மலேசியாவில் ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர்" என்று ஆரம்பிக்காதீர்கள். 2023 தேசிய ஆய்வில் 15.6 விழுக்காடு, கணக்கு சரிதான். ஆனால் முதல் முறை நான் எழுதியதும் அதே வரிதான்.
- சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் பிரிட்டன் அமைப்பு எச்.சி.பி.சி. அதில் பதிவு இல்லாதவர் அங்கே தன்னைப் பொடாயட்ரிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் இடம் தராது. அதன் நடத்தை விதிகளை ஒரு தடவையாவது படியுங்கள்.
- விஸ்மா புத்ராவின் (மலேசிய வெளியுறவு அமைச்சின்) நன்னடத்தைச் சான்றிதழுக்கு முன்கூட்டியே மனுப் போடுங்கள்.

இந்த வருடம் பாட்டி ரதத்தின் பின்னால் நடக்கவில்லை. தண்ணீர்ப் பந்தலில் செருப்போடு உட்கார்ந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். முருகன் கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம்.