ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை

மகளிர் குழுக்களில் இலக்கு வைத்துத் திட்டம் போடும் கூட்டத்தை முதல்முறையாக நடத்தப் போகிறவர்களுக்கு: நாற்காலி வேண்டாம். பாயை விரித்து வட்டமாக உட்காருங்கள்.

குழுக்களுக்குச் சொல்லித்தரும் பஞ்ச சூத்திரம் என்ற ஐந்து விதிகளில் முதலாவதே தவறாமல் கூடுவதுதான். சேமிப்பு, உள்கடன் (குழுவுக்குள்ளேயே தரும் கடன்), தவணை, கணக்கெல்லாம் அப்புறம். ஆனால் கூடினால் மட்டும் போதுமா? "இந்த வருஷம் என்ன செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்டால், சத்தமாகப் பேசும் இரண்டு அக்காக்கள் சொல்வதே எல்லாருடைய இலக்காகிவிடும். அதனால்தான் புளியங்கொட்டை. ஒவ்வொரு யோசனையையும் படமாக வரைந்து தரையில் வையுங்கள். ஆளுக்கு மூன்று கொட்டை, வேண்டிய படத்தில் வைக்கலாம். ஒரு கூட்டத்தில் பேச்சு முழுக்கக் கறவை மாடு. கொட்டைகள் குவிந்ததோ தண்ணீர்க் குழாய்ப் படத்தில். வாய் திறக்காத மருமகள்களின் வேலை!

அடுத்து தீர்மான நோட்டு. "அனைவரும் சேர்ந்து செய்வோம்" என்று எழுதினால் ஒருவரும் செய்ய மாட்டார்கள். என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று மூன்று கட்டம் போடுங்கள். பொறுப்பாளர் பெயரை அவர் எதிரிலேயே எழுதுங்கள்.

குழாய் மாதிரி விஷயம் என்றால் கிராம சபைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: அடுத்து வருவது எதுவோ அதற்குள் மனு தயாராக வேண்டும். மனுவுக்கான கையெழுத்தைக் குழுக் கூட்டத்திலேயே வாங்கிவிடுங்கள், அப்புறம் வீடு வீடாக அலைய முடியாது.