தண்டர்பேர்ட் 115-இலிருந்து 102-க்குத் திரும்பிய அனுபவம்

2023 ஜூலையில் மொசில்லாவின் மின்னஞ்சல் நிரலான தண்டர்பேர்டின் 115-ஆம் பதிப்பு வெளிவந்ததும் தானியங்கிப் புதுப்பிப்புக்குக் காத்திராமல் நானே இறக்கி நிறுவினேன். 'சூப்பர்நோவா' என்று பெயர் சூட்டப்பட்ட பதிப்பு அது. மடல் பட்டியலை அட்டைகளாகப் பார்க்கும் வசதி, புதிய மேல்பட்டை என்று முகப்பின் பெரும்பகுதியைப் புதிதாக எழுதியிருந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மடல்களுக்குக் குறிப்பு எழுதி வைக்க நான் பல ஆண்டுகளாக நம்பியிருக்கும் ஒரு நீட்சி, அதாவது நிரலோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல், அதில் இயங்கவில்லை. பட்டியலில் தனி நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, அதில் என் குறிப்புகளைக் காட்டும் நீட்சி அது. 'தொலைபேசியில் பேசியாயிற்று', 'அசல் ஆவணம் வந்த பிறகு பதில் எழுத வேண்டும்' என்று நான் எழுதி வைத்தவை எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போயின. பட்டியலின் அடிப்படை நிரலே மாறும்போது அதைத் தொட்டு இயங்கும் நீட்சிகள் நிற்பது இயல்புதான். அதை எழுதியவர் தனியாள். ஓய்வு நேரத்தில் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டிருந்தார். அது தயாராகும் வரை முந்தைய பெரிய பதிப்பான 102-இல் இருப்பது என்று முடிவு செய்தேன்.

பழைய பதிப்புக்குப் போவது என்றால் புதியதை நீக்கிவிட்டுப் பழையதை நிறுவுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தண்டர்பேர்டை நீக்கினாலும் மடல்கள் நீங்காது. அவை ப்ரொஃபைல் என்னும் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. கணக்கு அமைப்புகள், முகவரிகள், கடவுச்சொற்கள், வடிகட்டி விதிகள், நீட்சிகளின் தரவு எல்லாம் அங்கேதான். விண்டோஸில் அது மறைந்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறைக்குள் இருக்கும். தேட வேண்டியதில்லை; தண்டர்பேர்டின் உதவிப் பட்டியலில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தால் அந்தக் கோப்புறைக்கு நேரே போகும் பொத்தான் இருக்கிறது. கவலைப்பட வேண்டியது இந்தக் கோப்புறையைப் பற்றித்தான். புதிய பதிப்பு ஒருமுறை அதைத் திறந்துவிட்டால் உள்ளே சிலவற்றைத் தனக்கேற்ப மாற்றிவிடும். 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பு முகவரிப் புத்தகத்தையே பழைய வடிவத்திலிருந்து எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தள வடிவத்துக்கு மாற்றியது. முன்னோக்கி மாற்றித் தருவதற்கு நிரல் எழுதுவார்கள். பின்னோக்கி மாற்றித் தர யாரும் எழுதுவதில்லை.

115 தொட்ட ப்ரொஃபைலை 102-ஆல் திறக்கப் பார்த்தால், பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள், இதனால் ப்ரொஃபைல் பழுதாகலாம் என்று ஒரு பெட்டி எச்சரிக்கும். புதிய ப்ரொஃபைல் உருவாக்குவது அல்லது வெளியேறுவது, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ப்ரொஃபைலுக்குள் 'கம்பாட்டிபிலிட்டி' என்ற சிறு கோப்பு ஒன்று கடைசியாகத் திறந்த பதிப்பின் எண்ணைக் குறித்து வைத்திருக்கும். பெட்டி வருவது அதைப் பார்த்துத்தான். நிரலைத் தொடங்கும் கட்டளையில் இரண்டு சிறுகோடுகளைப் போட்டு 'அலவ்-டவுன்கிரேட்' என்று சேர்த்தால் இந்தத் தடையைத் தாண்டிவிடலாம். நான் அந்த வழியில் போகவில்லை. அது காவலை விலக்குமே தவிர, மாறிப்போன எதையும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அன்றைக்கு எல்லாம் சரியாகத் தெரியும். என்றோ ஒருநாள் முகவரிப் புத்தகம் திறக்காமல் போனால் காரணம் எங்கே என்று தேடுவீர்கள்?

உங்கள் கணக்குகள் எல்லாம் ஐமேப் வகை என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். மடல்கள் சர்வரிலேயே இருக்கின்றன. புதிய ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கிக் கணக்கைச் சேர்த்தால் எல்லாம் மீண்டும் இறங்கிவிடும். உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அப்படித்தான் தேநீர் இடைவேளைக்குள் முடித்துவிட்டார். எனக்கு ஓர் ஐமேப் கணக்கும், மடல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் வகைக் கணக்கு ஒன்றும் உண்டு. அந்தப் பாப் கணக்கின் சர்வரில் இடம் குறைவு என்பதால், மடல் இறங்கியதும் சர்வரிலிருந்து நீக்கும்படி அமைத்திருக்கிறேன். ஆகவே 115-க்கு மாறிய பிறகு அதில் வந்த மடல்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அதுவும் 115-இன் ப்ரொஃபைலில்.

பெரிய பதிப்பு மாற்றத்துக்கு முன்பு ப்ரொஃபைல் கோப்புறை முழுவதையும் வெளி வட்டில் நகலெடுத்து வைப்பது என் வழக்கம். அந்த நகல்தான் கைகொடுத்தது. தண்டர்பேர்டை மூடினேன். நடப்பிலிருந்த ப்ரொஃபைல் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் 115 என்று சேர்த்து ஒதுக்கி வைத்தேன். நகலை அதன் பழைய பெயரிலேயே அந்த இடத்தில் வைத்தேன். நகலில் இருக்கும் சிறு கோப்பு 102 என்றே சொல்வதால் எச்சரிக்கைப் பெட்டிக்கு வேலையில்லை.

அடுத்து 102-இன் நிறுவி. மொசில்லாவின் வெளியீட்டுக் காப்பகத்தில் எல்லாப் பழைய பதிப்புகளும் எண் வாரியாகக் கிடைக்கின்றன. 102 வரிசையில் அப்போது கடைசியாக வந்திருந்த திருத்தப் பதிப்பை எடுத்தேன். எண்ணின் நடுவே 'பி' என்ற எழுத்து இருந்தால் அது சோதனைப் பதிப்பு, அதைத் தொட வேண்டாம். 64 பிட்டா 32 பிட்டா என்பதைக் கவனித்துப் பாருங்கள். இரண்டும் இயங்கும் என்றாலும் அவை நிறுவப்படும் இடம் வேறு. தண்டர்பேர்ட், தான் நிறுவப்பட்டிருக்கும் இடத்தை வைத்துத்தான் எந்த ப்ரொஃபைலைத் திறப்பது என்று முடிவு செய்கிறது. இடம் மாறினால் வெற்று ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கிக்கொண்டு, 'கணக்கைச் சேருங்கள்' என்று புதிதாக வரவேற்கும். மடல்கள் எல்லாம் போய்விட்டன என்று பலர் பதறுவது இந்தத் திரையைப் பார்த்துத்தான். எதுவும் போயிருக்காது.

முதல்முறை திறக்கும்போது இணையத்தோடு பேசவிடாமல் ஆஃப்லைன் நிலையில் தொடங்கினேன். கட்டளையில் ஒரு சிறுகோட்டுடன் 'ஆஃப்லைன்' என்று சேர்த்தால் போதும். உள்ளே இருப்பது சரியா என்று நிதானமாகப் பார்த்த பிறகே புது மடல்களை இறக்க வேண்டும் என்பது என் எண்ணம். திறந்தது. குறிப்பு நெடுவரிசை பழையபடி நிறைந்திருந்தது. மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தேன். அந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

பிறகு இடைக்காலப் பாப் மடல்கள். தண்டர்பேர்ட் வழக்கமாக ஒவ்வொரு மடல் கோப்புறையையும் எம்பாக்ஸ் என்னும் ஒரே நீளமான உரைக் கோப்பாக வைத்திருக்கிறது. வட்டில் 'இன்பாக்ஸ்' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும். பெயர் நீட்டிப்பு இல்லாதது மடல்கள். 'எம்எஸ்எஃப்' என்று முடிவது அவற்றுக்கான அட்டவணை மட்டுமே. அட்டவணையை அழித்தாலும் மடல் கோப்பைப் படித்து மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். நெடுவரிசை அமைப்பு போன்ற சிறு விருப்பங்களை மட்டும் மறுபடி செய்ய வேண்டிவரும். ஒதுக்கி வைத்த 115 ப்ரொஃபைலிலிருந்து நீட்டிப்பு இல்லாத கோப்பை நகலெடுத்து உரைத் திருத்தியில் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு மடலும் 'ஃப்ரம்' என்ற சொல், ஒரு சிறுகோடு, தேதி, நேரம் என்ற ஒற்றை வரியில் தொடங்குகிறது. அதன் கீழே அனுப்பியவர், பெறுபவர், பொருள். தமிழில் எழுதிய மடல்களைப் பார்த்தால் முதலில் துணுக்குறும்: தமிழ் எழுத்து ஒன்றுகூட இராது, ஆங்கில எழுத்துகளும் எண்களும் வரிவரியாகக் கலைந்து கிடக்கும். கோப்பு கெட்டுவிடவில்லை. மின்னஞ்சலில் தமிழ் பெரும்பாலும் பேஸ்64 போன்ற முறைகளில் குறிமாற்றம் செய்யப்பட்டே பயணிக்கிறது. காட்டும்போது நிரல் அதைத் தமிழாக்கிவிடும். பார்த்தோமா, மூடினோமா என்றிருக்க வேண்டும். அங்கே எதையும் திருத்திச் சேமிக்கக் கூடாது.

அந்த நகலுக்கு ஆங்கிலத்தில் வேறொரு சிறு பெயர் வைத்து, தண்டர்பேர்ட் மூடியிருக்கும்போது, 102 ப்ரொஃபைலின் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கோப்புறைக்குள் போட்டேன். அட்டவணைக் கோப்பை எடுத்துவரவில்லை. மீண்டும் திறந்ததும் இடப்பக்கத்தில் அந்தப் பெயரில் புதிய கோப்புறை ஒன்று தோன்றியது. தேதி வாரியாக அடுக்கி, 115-க்கு மாறிய நாளுக்குப் பிறகு வந்தவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து உண்மையான இன்பாக்ஸுக்கு நகர்த்தினேன். படித்தவை படித்தவையாகவும், நட்சத்திரமிட்டவை நட்சத்திரத்தோடும் வந்தன. அந்த அடையாளங்களை மடலின் தலைப்பு வரிகளுக்குள்ளேயே எழுதி வைக்கிறது தண்டர்பேர்ட். அனுப்பிய மடல்களை மறந்துவிடாதீர்கள். பாப் கணக்கில் அவையும் உங்கள் வட்டில் மட்டுமே இருக்கும். 'சென்ட்' கோப்புக்கும் இதே வேலையைச் செய்தேன்.

மற்றவை எளிதாக முடிந்தன. இடையில் சேர்த்த முகவரிகளை, நீக்குவதற்கு முன்பே 115-இலிருந்து விகார்டு என்னும் முகவரிக் கோப்பாக ஏற்றுமதி செய்திருந்தேன். 102 அதை வாங்கிக்கொண்டது. கடவுச்சொற்கள் பழைய நகலிலேயே இருந்தன. ஐமேப் கணக்கு மட்டும் மறுபடி உள்நுழையச் சொன்னது.

புதுப்பிப்பை என்ன செய்வது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். அப்படியே விட்டால் என்றாவது ஒருநாள் 115 தானாக வந்து உட்கார்ந்துவிடும். கொள்கைக் கோப்பு ஒன்றை எழுதிப் புதுப்பிப்பையே முழுதாக முடக்க வழியுண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் தெரியாமலே போய்விடும். அமைப்புகளில் 'புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார், நிறுவுவதை நான் முடிவு செய்கிறேன்' என்ற தேர்வை வைத்தேன். செப்டம்பரிலேயே அதற்குத் தேவை வந்தது. வெப்பி வடிவப் படங்களைப் படிக்கும் நிரல்நூலகத்தில் கடுமையான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பல உலாவிகளையும் அது பாதித்தது. தண்டர்பேர்டுக்கு 115.2.2 வந்த அதே நேரத்தில் 102 வரிசைக்கும் 102.15.1 என்று திருத்தம் வெளியிட்டார்கள். காப்பகத்திலிருந்து அதை இறக்கி அன்றே நிறுவினேன். படங்களோடு மடல் வரும் நிரலில் இதைத் தள்ளிப்போட முடியாது.

102-க்கான ஆதரவு முடிவை நெருங்கிவிட்டது என்பதும் அப்போது தெளிவாகிவிட்டது. திருத்தம் நின்றுபோன மின்னஞ்சல் நிரலில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை என்பதில் உறுதியாக இருந்தேன்; குறிப்புகள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தபோது நீட்சியின் புதிய வடிவம் வந்தது. 102 ப்ரொஃபைலை நகலெடுத்துவிட்டு 115-ஐ நிறுவி, நீட்சியையும் புதுப்பித்தேன். குறிப்புகள் தெரிந்தன. நீட்சியை எழுதியவருக்கு நன்றி சொல்லி ஒரு மடல் அனுப்பிவிட்டு, ஒதுக்கி வைத்திருந்த பழைய 115 ப்ரொஃபைலை அழித்தேன். 102-இன் நகல் மட்டும் வெளி வட்டில் இருக்கிறது.