அடியில் விட்டு அள்ளு

போன மாதம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் பிரதிஷ்டைப் பண்டிகை. திசையன்விளைக்குத் தெற்கே, தேரி மணல் பக்கம். பண்டிகை என்றால் அசனம், அதாவது எல்லாருக்கும் போடும் பந்திச் சாப்பாடு, இல்லாமல் தீராது. ராத்திரியே ஆடு உரித்து, கத்தரிக்காயும் வாழைக்காயும் மலையாக நறுக்கிப் போட்டு, விடிகிற நேரத்தில் தெரு முழுக்கக் குழம்பு மணக்கும். எனக்குக் கிடைத்தது குழம்பு வாளி. சின்ன வயதிலிருந்தே நான் ஆசைப்பட்ட வேலை அது, ஏனென்றால் குழம்பு வாளி பிடிக்கிறவனுக்குத்தான் பந்தியில் மரியாதை, தண்ணீர் ஊற்றுகிறவனை யார் பார்க்கிறார்கள்?

இரண்டாவது பந்தியில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. ஐந்து பனைமரம் எங்கள் விளையில் நிற்கிறதா அவர் விளையில் நிற்கிறதா என்ற தகராறில் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. (பனையேற ஆளே கிடைக்காத காலத்தில் இந்தச் சண்டை, சிரித்துக்கொள்ளுங்கள்.) அவருக்கு முந்தின இலை என் மச்சானுடையது. கரண்டியை அடி வரைக்கும் விட்டு, எலும்பும் கறியுமாக அள்ளி ஊற்றினேன். அடுத்த இலைக்கு வந்ததும் கரண்டி தானாக மேலே மிதந்துவிட்டது. வெறும் சாறு. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர்தான், "ஏல, அடியில விட்டு அள்ளுல" என்றார். அள்ளி ஊற்றினேன். சித்தப்பா போதும் என்று கையைக் குறுக்கே வைத்தார்.

அன்று காலை ஆராதனையில் பைபிளிலிருந்து 1 கொரிந்தியர் 13, பவுல் அன்பைப் பற்றி எழுதிய அதிகாரம், வாசித்ததே நான்தான். நல்ல கணீர் குரல் என்று ஐயர் (எங்கள் பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) எனக்குத்தான் கொடுப்பார். தனக்கு உண்டான யாவற்றையும் ஒருவன் அன்னதானம் பண்ணினாலும் அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை என்று அங்கே வருகிறதே, அது எனக்கு எப்போதும் புரியாத வசனம். அன்பு இல்லாமல் ஒருத்தன் எப்படி எல்லாவற்றையும் தூக்கிக் கொடுப்பான்? அசன வரிக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக எழுதியிருந்தேன், ராத்திரி முழுக்க அடுப்புப் பக்கம் நின்றேன், அப்புறம் அந்தக் கரண்டி. புரிந்துவிட்டது.

அதே அதிகாரத்தில் அன்பு "தீங்கு நினையாது" என்று இருக்கிறது. மனதில் கெட்ட எண்ணம் வராது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். பவுல் கிரேக்கத்தில் எழுதியிருக்கும் வார்த்தை கணக்குப் போடுவதற்கும் வரவு வைப்பதற்கும் சொல்கிற வார்த்தை. ஒருவன் செய்த தீங்கைக் கணக்கில் ஏற்றி வைக்காது என்று பொருள். நமக்கு மொய் நோட்டு என்றால் சட்டென்று விளங்கும். யார் எவ்வளவு செய்தார்கள், நாம் திருப்பி எவ்வளவு செய்ய வேண்டும், எல்லாம் பைசா பிசகாமல் எழுதியிருக்கும். நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்ததில் முக்கால்வாசி அந்த நோட்டுதான். மச்சான் எனக்குச் செய்தான், நான் அவனுக்கு எலும்பு போட்டேன். உங்களை நேசிக்கிறவர்களையே நேசித்தால் என்ன பலன், வரி வசூலிக்கிற ஆயக்காரரும் அப்படியே செய்கிறார்கள் என்று இயேசு சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

வடக்கன்குளம் எங்களுக்கு ஒரு பஸ் தூரம். அங்குள்ள பழைய ஆர்.சி. (கத்தோலிக்க) கோயிலை 1870களில் கால்சட்டை மாதிரி இரண்டு கூடமாகப் பிரித்துக் கட்டினார்கள், சாதிக்கு ஒரு பக்கம், நடுவில் சுவர், பீடம் மட்டும் இரண்டு பேருக்கும் பொது. 1910ல் பங்குச் சாமியார் அந்தச் சுவரை இடித்ததும் ஒரு தரப்பு கோர்ட்டுக்கே போய்த் தோற்றது. இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன், அந்தக் காலத்து ஆட்களின் கூத்தைப் பாருங்கள் என்று. நானோ நாலு வருஷமாக நற்கருணை ஆராதனையில் சித்தப்பா எந்த வரிசை என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) முறையில் சமாதானம் கொடுப்பது கைமாறி வரும், பக்கத்தில் இருப்பவரின் கைக்குள் கை வைத்து வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் கை என் கையில் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். செங்கல் செலவு இல்லாத சுவர்.

வீட்டில் அம்மா அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவாள், கோயிலுக்கு. அது யார் வயிற்றுக்குப் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை, எத்தனை பிடி போட்டாள் என்று எண்ணியதும் இல்லை. அவளிடம் கரண்டி விஷயத்தைச் சொன்னேன். "உங்கப்பா இருந்தா வாளியப் பிடுங்கியிருப்பாரு" என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வரிசையில் போய் உட்கார்ந்தேன். நேர் பக்கத்தில் இல்லை, அவ்வளவு தைரியம் வரவில்லை. நடுவில் எதிர்வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். சமாதானம் அவரிடமிருந்து அவன் கைக்கு வந்து, அவனிடமிருந்து எனக்கு வந்தது. பையன் கை வேர்த்துப் பிசுபிசுவென்று இருந்தது.